ஜெர்மனியில் முதல் ஆண்டு: எதை முதலில் முடிப்பது, குளிர்காலத்தை எப்படிக் கடப்பது

ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் செப்டம்பர், அக்டோபரில்தான் வந்து இறங்குகிறார்கள். வேலைக்கு வருகிற பலருக்கும் அப்படியே அமைந்துவிடுகிறது. அதனால் அலுவலக அலைச்சலும் முதல் குளிர்காலமும் ஒரே நேரத்தில் தலையில் விழும். டிசம்பர் 20 தாண்டிவிட்டால் ஜனவரி முதல் வாரம் வரை எந்த அலுவலகத்திலும் ஆளைப் பிடிப்பது பெரும்பாடு. ஆகவே நவம்பர் முடிவதற்குள் காகித வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதற்கு எது தேவை என்று சொல்ல ஆளில்லாமல் நான் திண்டாடினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தொகைகள் 2026 தொடக்க நிலவரம்.

1. வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி

வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" என்று கேளுங்கள். அன்மெல்டுங் என்பது நகராட்சியில் செய்யும் முகவரிப் பதிவு. இந்த நாட்டில் மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. சில மாதத்துக்கு மட்டும் அறை விடுகிறவர்கள், விடுமுறைத் தங்கல் நடத்துகிறவர்கள் பலர் பதிவுக்குச் சம்மதிப்பதில்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்துவிட்டால், வரி எண், குடியிருப்பு அனுமதி அட்டை எல்லாம் பின்னால் தள்ளிப்போகும்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்பது அத்துடன் தண்ணீர், குப்பை, பெரும்பாலும் வெப்பமூட்டலும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் அநேகமாக இரண்டிலும் இருக்காது. முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பயணச்சீட்டும் வாங்கி, விசா கட்டணமும் கட்டிக் கை காய்ந்திருக்கும் நேரத்தில் இது பெரிய உதவி.

"நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது மோசடிதான். அதில் சந்தேகமே வேண்டாம். நீங்களோ, உங்களுக்காக நம்பகமான ஒருவரோ வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் வீட்டு ஒப்படைப்புப் படிவம் ஒன்று எழுதுவார்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். சுவர்க் கீறல், ஜன்னல் ஓரக் கறை, தரைச் சிராய்ப்பு எல்லாவற்றையும் படம் எடுங்கள். மின்சார மீட்டரில் ஓடும் எண்ணையும் மீட்டரின் எண்ணையும் சேர்த்து ஒரு படம். பல வீடுகளில் சமையலறை மேடை இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதில் கம்பி மட்டும் தொங்கும். அது இங்கே வழக்கம்தான், ஆனால் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் செலவைக் கணக்குப் போடலாம்.

2. முகவரிப் பதிவு: குடியேறிய இரண்டு வாரத்துக்குள்

தேவையானவை: பாஸ்போர்ட், பதிவுப் படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சான்று. இந்த மூன்றாவதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பெயர் நீளம், காகிதம் ஒரே பக்கம். வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அதை இதற்குப் பதிலாக ஏற்க மாட்டார்கள். இதைக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலத்தையும் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் கையோடு வைத்திருங்கள்.

பெரிய நகரங்களில் நேரம் கிடைப்பதுதான் சிக்கல். டெர்மீன் என்று இங்கே சொல்லும் முன்பதிவை, முகவரி உறுதியான அன்றே, விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் செய்துவிடலாம். இடமே இல்லை என்று காட்டினால் அலுவலகம் திறக்கும் காலை நேரத்தில் மறுபடி பாருங்கள். மற்றவர்கள் ரத்துசெய்த நேரங்கள் அப்போது வரும். நகரத்தின் எந்தப் பகுதி அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற வசதி பல ஊர்களில் உண்டு. இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது என்றால், முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று நிரப்பினால் தேவாலய வரி தொடங்கும்: வருமான வரியில் பவேரியாவிலும் பாடன் வுர்ட்டெம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலருக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் இது தெரிகிறது. கட்டுவதில் விருப்பம் என்றால் நல்லது. ஆனால் அந்தக் கட்டம் எதற்கு என்று தெரிந்தபிறகு நிரப்புங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ளவர்கள், அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்கள், தலைப்பெழுத்தை விரித்து எழுதியவர்கள் எல்லோரும், பதிவுச் சான்றில் பெயர் எந்த வரிசையில் அச்சாகி வருகிறது என்று மேசையிலேயே வாசித்துப் பாருங்கள். அதே எழுத்து, அதே வரிசையைத்தான் வங்கி, காப்பீடு, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் மாறினாலும் இரண்டு ஆள் என்று கணினி நினைத்துக்கொள்ளும்.

3. தபால்பெட்டியில் பெயர் ஒட்டுங்கள், அன்றைக்கே

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டு எண் கிடையாது. தபால்காரர் கதவுக்கு வெளியே நின்று பெட்டிகளில் உள்ள பெயர்களை வரிசையாகப் படிப்பார். உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த ஒரு மாணவியின் பெட்டியில் பழைய குடித்தனக்காரரின் பெயரே இருந்தது. அவளுடைய வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் தனித்தனியாக வந்து, தனித்தனியாகத் திரும்பிப் போயின.

வீட்டுக்காரர் அழகான தகடு செய்து தரும்வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மேலே ஒட்டும் நாடாவைப் போட்டுவிடுங்கள். மழையில் மை கரையாது. உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையும் எழுதுங்கள். கடிதம் எந்தப் பெயரில் வரும் என்று சொல்ல முடியாது. அழைப்பு மணிப் பலகையிலும் அதே பெயர்கள் இருக்கட்டும், பார்சல் கொண்டுவருகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

பதிவு முடிந்து இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் 11 இலக்க வரி எண் இந்தப் பெட்டிக்குத்தான் வரும். வேலைக்குச் சேர்பவர்களுக்கு இது முக்கியம். எண் கொடுக்கத் தாமதமானால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பில், அதாவது மிக அதிகமாக, வரி பிடிக்க நேரிடலாம். பிறகு சரியாகிவிடும் என்றாலும் முதல் மாதங்களில் கை கடிக்கும்.

4. மருத்துவக் காப்பீடும் வங்கியும்

பயணக் காப்பீடு விசாவுக்குப் போதும், இங்கே வாழ்வதற்குப் போதாது. வேலையில் இருப்பவர்கள் அரசு முறைக் காப்பீட்டில் சேர்ந்தால், சம்பளத்தில் 14.6 சதவீதமும் அந்தந்த நிறுவனத்தின் கூடுதல் சதவீதமும் போகும். பாதியை வேலை கொடுப்பவர் கட்டுவார். வருமானமில்லாத கணவன் அல்லது மனைவியும் குழந்தைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் அதிலேயே சேரலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் தனியார் காப்பீடு. இளவயதில் மலிவாகத் தெரியும். ஆனால் அங்கே போனவர்கள் அரசு முறைக்குத் திரும்புவது எளிதல்ல. 30 வயதுக்குக் குறைந்த மாணவர் அரசு முறை வேண்டாம் என்று விலக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், படிப்பு முடியும்வரை மாற்ற முடியாது. முகவர் அவசரப்படுத்தினால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

மாணவர்கள் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ விடுவிக்கப்படும். ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள இங்கே ஒரு சாதாரண நடப்புக் கணக்கு வேண்டும். முன்பணம், முதல் வாடகை, பாத்திரம், மெத்தை எல்லாம் முதல் மாதத்திலேயே வருவதால், 992ஐ மட்டும் நம்பி வராதீர்கள்.

உடம்பு சரியில்லை என்றால் மருத்துவமனைக்கு ஓடுவது இங்கே வழக்கமில்லை. பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து, நன்றாக இருக்கும்போதே பதிந்துவையுங்கள். பலர் புதியவர்களைச் சேர்ப்பதில்லை, தேட நாளாகும். இரவிலும் விடுமுறையிலும் அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117. உயிருக்கு ஆபத்து அல்லது தீ என்றால் 112. காவல்துறை 110.

5. குடியிருப்பு அனுமதி அட்டை

விசா ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ இருக்கிறதே என்று இதை ஒத்திப்போட வேண்டாம். முகவரிப் பதிவு கையில் வந்தவுடனே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட், பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம் அல்லது கல்லூரிச் சேர்க்கைச் சான்று, பண ஆதாரம் ஆகியவை வேண்டும். முதல் அட்டைக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாக 100 யூரோ. 2025 மே மாதத்திலிருந்து புகைப்படம் டிஜிட்டலாகத்தான் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் எடுக்கலாம், அலுவலகத்திலேயே எடுக்கும் வசதி இருந்தால் 6 யூரோ. ஊரிலிருந்து கொண்டுவந்த அச்சுப் படங்கள் இதற்கு உதவாது. கைரேகை கொடுத்தபின் அட்டை வர நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை தங்கும் உரிமை தொடரும். அதற்கு அத்தாட்சியாக ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், கட்டணம் 13 யூரோ. அதில் குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் எந்த உட்பிரிவில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 4ஆம் உட்பிரிவு என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. பொங்கலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பினாலும், மின்னஞ்சலில் அனுப்பினாலும், அனுப்பிய தேதி தெரியும்படி ஒரு பிரதியை வைத்திருங்கள். இங்கே வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, தேதியோடு கூடிய காகிதத்துக்கு உண்டு.

6. கேட்காமலே வந்து நிற்கும் செலவுகள்

முகவரி பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை. ஆனால் இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. சேர்ந்து தங்குகிறீர்கள் என்றால் ஏற்கெனவே கட்டுகிறவரின் கட்டண எண்ணைக் கேட்டு எழுதி அனுப்பினால் போதும். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் பாக்கி ஏறும்.

மின்சாரம் நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் ஓடும். அது அடிப்படை வழங்குநரின் கட்டணம், பெரும்பாலும் விலை கூடியது. இரண்டு வார முன்னறிவிப்பில் அதிலிருந்து மாறிவிடலாம்.

நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்டும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு ஒன்றை எடுத்துவிடுங்கள். கட்டாயமில்லை, ஆனால் ஆண்டுக்கு நூறு யூரோவுக்குள் முடியும் விஷயம். கட்டடத்தின் பொதுவாசல் சாவியைத் தொலைத்தால் எல்லோருடைய பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் வரலாம். சாவி இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இங்கே கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனாலும் சாவி பையில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பூட்டுத் திறப்பவரின் கட்டணம் கண்ணில் நீர் வரவழைக்கும்.

ஊர்ப் பேருந்து, மெட்ரோ, மெதுவான ரயில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 63 யூரோ. ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தா, நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். செல்போனுக்கு முதல் ஆண்டு ப்ரீபெய்டு போதும், 24 மாத ஒப்பந்தத்தில் சிக்க வேண்டாம்.

7. குளிர்காலத்தில் வீடு

குளிரைவிட ஈரம்தான் நம் வீடுகளைக் கெடுக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாம் சோறு வடிக்கிறோம், குழம்பு கொதிக்கவிடுகிறோம், துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறோம், குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்துகிறோம். காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அதைத் துடைக்காமல் விட்டால் சில வாரங்களில் ரப்பர் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் வரும், அப்புறம் வெளிச்சுவர் மூலையில். அதுதான் பூஞ்சை. வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரர் முதலில் காட்டும் காரணமும் அதுதான். ஒப்படைப்பு நாளில் எடுத்த படங்கள் இங்கே உதவும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்திலிருந்து பத்து நிமிடம், ஜன்னல்களை முழுதாகத் திறங்கள். எதிரெதிர் ஜன்னல் என்றால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் ஹீட்டரை மூடிவையுங்கள். ஜன்னலை மேலே மட்டும் சாய்த்து நாள் முழுக்க விடுவது தவறு. சுவர் குளிர்ந்துபோகும், ஈரம் போகாது, பணம் மட்டும் போகும். சமைக்கும்போது மூடி போடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், முடித்தவுடன் ஜன்னலைத் திறங்கள். அடுப்புக்கு மேல் உள்ள புகைபோக்கி பல வீடுகளில் காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் வகை. அது நீராவியை வெளியேற்றாது. சுமார் பத்து யூரோவுக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்றால் அறை சுமார் 20 டிகிரி. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது தப்பு. அதே வேகத்தில்தான் சூடாகும், நிறுத்த மறந்தால் 28 டிகிரி வரை போகும். நட்சத்திரம் போன்ற பனிச்செதில் குறி, குழாய் உறையாமல் காக்க மட்டும். ஊருக்குப் போகும்போதும் அடியோடு மூடாமல் அந்தக் குறியிலோ 1இலோ விட்டுப் போங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் பனி அள்ளும் பொறுப்பு குடித்தனக்காரருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால், உங்கள் முறை வரும் வாரத்தில் காலை சுமார் 7 மணிக்குள் வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுடையது.

8. குளிர்காலத்தில் உடம்பும் மனமும்

கனமான ஜாக்கெட்டை ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். பெட்டியில் எடை வீண். உள்ளாடை போல் ஒட்டி அணியும் தெர்மல் இரண்டு ஜோடி, கம்பளிச் சட்டை ஒன்று, காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று என்று அடுக்காக அணிவதே இங்கே முறை. வெளியே பூஜ்யம், ரயிலுக்குள் 22 டிகிரி என்று இருக்கும்போது கழற்றவும் மாட்டவும் அதுதான் வசதி. காசை மிச்சம் பிடிப்பதென்றால் ஜாக்கெட்டில் பிடியுங்கள், காலணியில் வேண்டாம். தண்ணீர் புகாத, அடியில் பிடிப்புள்ள, தடித்த காலுறைக்கு இடம் விட்டு ஓரளவு பெரிய ஜோடி வாங்குங்கள். பழைய பொருள் விற்கும் க்ளைன்அன்சைகன் தளத்தில் நல்ல ஜாக்கெட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். புதிது வேண்டுமென்றால் ஜனவரி இறுதித் தள்ளுபடிக்குப் பாருங்கள், ஆனால் அதுவரை நடுங்கிக்கொண்டு இருக்காதீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து மாலை சட்டென்று இருட்டும். டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இந்தியாவுடனும் இலங்கையுடனும் நேர வித்தியாசம் நாலரை மணி ஆகும். அம்மாவைக் கூப்பிடும் நேரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள்.

இந்த இருட்டு மனதைத் தாக்கும். அதை உங்கள் பலவீனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் வெளிச்சம் இருக்கும்போது, மேகமாக இருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்குள்ள வெயிலில் தோல் போதிய வைட்டமின் டி உண்டாக்காது. நம் நிறத் தோலுக்கு இன்னும் கடினம். மாத்திரை எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தூக்கம் கெட்டு, எழவே மனமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச மனநல ஆலோசனை இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்திலும்.

9. ஞாயிறும் சத்தமும் குப்பையும்

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ளவை தவிர. சனிக்கிழமை மாலையே அரிசி, பால், காய்கறி பார்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் இரண்டு நாளும் ஞாயிறும் அடுத்தடுத்து வந்தால் மூன்று நாள் கடை கிடையாது.

இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். இட்லி மாவு அரைப்பதை வார நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் துளை போடுவதும், கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுவதும் ஞாயிறன்று கூடாது. வைப்புத் தொகை உள்ள பானப் புட்டி, பான டின் ஆகியவற்றைக் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டி, டின் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத் தொகை உங்கள் பணம், கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

10. வசந்தம், கோடை, முதல் கணக்குச் சீட்டு

மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் முன்னால் போகும். புல்வெளிகளுக்குப் போகத் தொடங்கும் முன் உண்ணிக்கடி பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பவேரியா, பாடன் வுர்ட்டெம்பெர்க் போன்ற ஆபத்துப் பகுதிகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு, காப்பீடே ஏற்கும். முதல் இரண்டு தவணையைக் குளிர்காலத்திலேயே போட்டால் கோடைக்குத் தயார்.

ஊர் ஓட்டுநர் உரிமம் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். இந்திய, இலங்கை உரிமத்தை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும். அக்டோபரில் வந்தவர்களுக்கு அந்தக் கெடு ஏப்ரலில் முடிகிறது.

கோடையில் வீடுகளில் ஏசி இருக்காது. பகலில் ஜன்னலையும் வெளித்திரையையும் மூடி, இரவில் திறங்கள். மின்விசிறியை மே மாதமே வாங்கிவிடுங்கள், முதல் வெயில் வாரத்தில் கடைகளில் தீர்ந்துவிடும்.

அப்புறம் வருவது, வார்ம்மீட்டேயில் மாதாமாதம் முன்கூட்டியே கட்டிய வெப்பம், தண்ணீர் ஆகியவற்றின் ஆண்டுக் கணக்கு. கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் அதை அனுப்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் பொதுவாகக் கூடுதல் பணம் கேட்க முடியாது. நூற்றுக்கணக்கில் பாக்கி என்று வந்தால் பதறிப்போய் உடனே கட்டிவிடாதீர்கள். வீட்டின் பரப்பளவு, குடியிருந்த மாதங்கள், நீங்கள் கட்டிய தொகை மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதுகளைப் பார்க்கக் கேட்கும் உரிமை உண்டு; ஆட்சேபம் எழுத 12 மாதம் இருக்கிறது. கணக்கு புரியவில்லை என்றால் உங்கள் ஊர்க் குடித்தனக்காரர் சங்கத்தில், மீட்டர்ஃபெரைன் என்று கேளுங்கள், ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் அவர்களே சரிபார்த்து, தேவையானால் கடிதமும் எழுதித் தருவார்கள்.